தூரைத் தின்னும் பூஞ்சையின் பெயர்

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச்சேலை. உள்ளூர்க்காரர்களுக்கு அதோடு அரிசியும் சேர்த்தி. தெருக்களில் தறிச்சத்தம், ஊருக்கு வெளியே அரிசி ஆலைகள். பக்கத்திலுள்ள களம்பூரின் பெயரைத் தாங்கிய பொன்னி அரிசியைக் கேட்டு வாங்குகிறவர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள். கமண்டல நாகநதி ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை; ஏரியும் கிணறும்தான் நெல்லைக் கரையேற்றுகின்றன. தண்ணீர் இருந்துவிட்டால் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஒரே வயலில் நெல்லுக்குப் பின் நெல்லே வருகிறது. மேட்டு நிலத்தில் கேழ்வரகும் கம்பும், மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையும்.

இந்தப் பயிர்கள் எல்லாவற்றுக்கும் காலடியில் இருந்தே ஆபத்து வருகிறது. மண்ணில் வாழும் சில பூஞ்சைகள் தூரையும் வேரையும் அரித்துவிடுகின்றன. "தூர் அழுகுது, மருந்து குடுங்க" என்று உரக்கடையில் கேட்டால் மருந்து கிடைத்துவிடும். அழுகவைப்பது யார் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வாங்கும் மருந்தில் பாதி, காசைக் கரைத்து வயலில் ஊற்றுவதுதான்.

பூஞ்சையால் நோய் வரும் என்பதே உலகம் எளிதில் ஒப்புக்கொண்ட உண்மை இல்லை. 1807-ல் பிரான்சில் பெனடிக்ட் பிரேவோ, கோதுமையின் கரிப்பூட்டை நோய்க்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று சோதனை செய்து காட்டினார். அறிஞர் சபை அதை ஏற்கவில்லை. நோயால் அழுகும் பயிரில்தான் பூஞ்சை பிறக்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அசைத்தது பட்டு. இத்தாலியின் லோடி வட்டாரத்தில் பட்டுப்புழுக்கள் செத்து, உடம்பில் வெள்ளைப் பொடி பூத்து, சுண்ணாம்புக் கட்டியாக இறுகிப்போயின. அகோஸ்தினோ பாஸ்ஸி பல ஆண்டுகள் இதையே துருவி, அந்த வெள்ளைப் பொடிதான் நோயைப் பரப்புகிறது என்று 1835-ல் நிறுவினார். லூயி பாஸ்டர் பட்டுப்புழு நோய்களை ஆராயப் புறப்பட்டது அதற்கு முப்பது ஆண்டு கழித்துத்தான்.

பாஸ்ஸியின் பெயரையே அந்தப் பூஞ்சைக்கு வைத்தார்கள். இன்று அது பிவேரியா பேசியானா. மண்ணில் இயல்பாக வாழ்வது. பட்டுப்புழு வளர்ப்பவருக்கு எமனான இதே பூஞ்சை, நெல் விவசாயிக்கு இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும் கொல்லும் உயிர் மருந்தாகப் பொட்டலத்தில் விற்கப்படுகிறது. ஆகவே மண்ணில் பூஞ்சை இருக்கிறது என்ற தகவலால் மட்டும் பயனில்லை. அது எது, யாரைத் தாக்கும், யாரை விட்டுவிடும் என்று தெரிய வேண்டும்.

நெல் வயலில் இறங்கிப் பார்ப்போம். நடவு முடிந்து ஐம்பது நாள் வாக்கில், பயிர் தூர் கட்டி அடர்ந்து நிற்கும். வரப்பில் நின்று பார்த்தால் எல்லாம் பச்சைதான். உள்ளே போய்க் குனிந்து, தூரை இரு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இலையுறையைப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், வெந்நீர் பட்டது போன்ற பச்சை சாம்பல் நிறப் புள்ளி இருந்தால், அதுதான் இலையுறைக் கருகலின் முதல் அடையாளம். சில நாளில் நடுப்பகுதி வெளுத்து வைக்கோல் நிறமாகும், ஓரம் பழுப்பாகும். ஒரு புள்ளி இன்னொன்றோடு சேர்ந்து மேலேறும். பக்கத்துத் தூரின் இலை தொட்டால் அதற்கும் தாவும். பிறகு அந்தப் புள்ளிகளின் மேல் வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் தோன்றும். அவற்றின் மேல் தேன் நிறத்தில் துளித்துளியாக நீர் கசியும். உருண்டை இறுகிப் பழுப்பாகி, விரல் பட்டாலே உதிர்ந்துவிடும்.

உதிர்கிற அந்த முடிச்சுதான் பூஞ்சையின் சேமிப்பு. அறிவியலில் ஸ்கிளிரோஷியம் என்கிறார்கள். முற்றிய முடிச்சின் வெளியடுக்குச் செல்கள் வெறுமையாகிவிடுவதால் அது தண்ணீரில் மிதக்கும். மண்ணில் ஓராண்டு, இரண்டாண்டு கூட உயிரோடு கிடக்கும். அடுத்த பட்டத்துக்குச் சேறடிக்கும்போது நுரையோடும் மக்காத தாளோடும் மேலே வந்து, காற்று தள்ளும் மூலையில் ஒதுங்கும். புது நாற்றின் தண்டைத் தொட்டவுடன் முளைக்கும். நோய் தண்ணீர் மட்டத்தில் தொடங்குவதற்கும், வயலின் மூலையிலும் வரப்போரத்திலும் முதலில் தென்படுவதற்கும் இதுவே காரணம். ஒரு வயலில் பாய்ந்து வழிந்த தண்ணீர் அடுத்த வயலுக்குள் இறங்கும் ஏரிப் பாசனத்தில், முடிச்சுகளும் கூடவே இறங்குகின்றன.

இதைச் செய்யும் பூஞ்சை ரைசோக்டோனியா சொலானி. 1858-ல் ஜெர்மனியின் யூலியஸ் கூன் உருளைக்கிழங்கில் கண்டு பெயர் வைத்தது. நெல்லில் இந்த நோயை ஜப்பானில் 1910-ல் பதிவு செய்தார்கள். இந்தியாவில் 1963-ல் பஞ்சாபின் குர்தாஸ்பூரிலிருந்து முதல் அறிக்கை வந்தது. குட்டை ரகங்களும் யூரியாவும் சேர்ந்து வயலை நெருக்கமாக்கிய பிறகு அது நாடு முழுக்கப் பெரிய நோயானது. இன்றுவரை இதை முழுதாக எதிர்க்கும் நெல் ரகம் கையில் இல்லை.

கூன் பார்த்தது உருளைக்கிழங்கில். நம் வயலில் இருப்பது நெல்லில். இரண்டும் ஒன்றேதானா? மண் பூஞ்சைகளை இனம் பிரிக்கும் வேலை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

ஆய்வகத்தில் நோய்ப்புள்ளியின் நடுவிலிருந்து மாதிரி எடுக்கக்கூடாது. அங்கே செத்த திசுவில் வந்து குடியேறிய வேறு பூஞ்சைகள்தான் அதிகம். நோயும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் துண்டு வெட்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி, சுத்த நீரில் மூன்று முறை கழுவி, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகாரும் சேர்த்துக் காய்ச்சிய ஊடகத் தட்டில் வைப்பார்கள். ரைசோக்டோனியா வேகமானது. இரண்டு மூன்று நாளில் தட்டு முழுவதையும் மூடிவிடும். முதலில் வெள்ளை, பிறகு மங்கிய பழுப்பு.

நுண்ணோக்கியின் கீழே வைத்தால், பிற பூஞ்சைகளில் எதை வைத்து அடையாளம் காண்போமோ அது இதில் இல்லை: வித்துகள். பாலிலா வித்துகளை இது உண்டாக்குவதே இல்லை. ஆகவே இழையைத்தான் படிக்க வேண்டும். பாவுக்கு ஊடை குறுக்கே விழுவதுபோல, தாய் இழையிலிருந்து கிளை இழை கிட்டத்தட்டச் செங்கோணத்தில் பிரியும். பிரியும் இடத்தில் சற்று ஒடுங்கும். ஒடுக்கத்தைத் தாண்டிய உடனே ஒரு குறுக்குச்சுவர் இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் ரைசோக்டோனியா என்று சொல்லலாம். அதன்பின் சாயமேற்றி, ஒரு செல்லில் எத்தனை உட்கருக்கள் என்று எண்ண வேண்டும். இரண்டே இரண்டு என்றால் வேறு சாதி. நெல்லின் இலையுறையில் இதே மாதிரி, ஆனால் வீரியம் குறைந்த புள்ளிகளை உண்டாக்கும் ரைசோக்டோனியா ஒரைசே சடைவா அப்படிப்பட்டது. இரண்டுக்கு மேல் என்றால் சொலானியாக இருக்கலாம்.

சொலானிக்குள்ளும் பிரிவுகள் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அங்கே தீர்ப்பு சொல்வது பூஞ்சையே. கண்ணாடித் தகட்டில் மெல்லிய அகார் பூசி, பெயர் தெரிந்த ஒரு பூஞ்சையை ஒரு முனையிலும், பெயர் தெரியாததை மறு முனையிலும் வைக்கிறார்கள். ஓரிரு நாளில் இரண்டின் இழைகளும் நடுவில் சந்திக்கின்றன. ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்து போனால் உறவே இல்லை. தொட்டு, சுவர்கள் ஒட்டிக்கொண்டு, உள்ளே கலக்காமல் நின்றால் தூரத்து உறவு. சுவர் கரைந்து இரண்டு செல்லும் ஒன்றாகி, உடனே அந்தச் செல்களும் பக்கத்துச் செல்களும் செத்துப்போனால், ஒரே குழு, ஆனால் வேறு வேறு வழி. சாவே இல்லாமல் முழுதாகக் கலந்தால் இரண்டும் ஒரே மரபு. இப்படிப் பார்த்துப் பார்த்து, ரைசோக்டோனியா சொலானியை 13 இணைவுக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். நெல்லின் இலையுறைக் கருகலுக்குக் காரணம் முதல் குழுவின் ஐஏ என்ற உட்பிரிவு. உருளைக்கிழங்கைத் தாக்குவது பெரும்பாலும் மூன்றாம் குழு. ஆஸ்திரேலியாவில் கோதுமை வயலில் திட்டுத்திட்டாகப் பயிரை அழிப்பது எட்டாம் குழு. பெயர் ஒன்று, வாழ்க்கை வேறு.

இந்தப் பிரிவினால் விவசாயிக்கு என்ன? வேலிடாமைசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானியர் பிரித்தெடுத்தது. ரைசோக்டோனியாவின் இழை வளர்ச்சியைத் தாறுமாறாக்கி நோயை நிறுத்தும். பியூசேரியம் என்ற இன்னொரு மண் பூஞ்சையால் அழுகும் தூருக்கு அதைத் தெளித்தால் பயனில்லை.

பியூசேரியத்தின் கதை நம் மாநிலத்தோடு நெருங்கியது. 1930களின் இறுதியில் இங்கிலாந்து போன டி.எஸ். சதாசிவன், ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் எஸ்.டி. காரெட்டிடம் வேலை பார்த்தார். கோதுமைத் தாளை வெவ்வேறு மண்ணில் புதைத்துவைத்து, எந்தப் பூஞ்சை முதலில் குடியேறுகிறது, எது பின்னால் வருகிறது என்று வரிசை பார்த்தார். கோதுமையின் அடித்தண்டை அழுகவைக்கும் பியூசேரியம் கல்மோரம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதே அவருடைய முக்கியமான கேள்வி. 1939-ல் வெளியான அந்த ஆய்வு, பூஞ்சைகளை உருவத்தால் பிரிப்பதோடு நில்லாமல் பிழைப்பால் பிரிக்கும் சிந்தனைக்கு வலுச் சேர்த்தது. சில பூஞ்சைகள் உயிருள்ள வேரை விட்டால் மண்ணில் தாக்குப்பிடிக்காது. சில, செத்த தாளை மற்றவற்றோடு போட்டி போட்டுப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளும். முதல் வகைக்குப் பயிர் சுழற்சி போதும். இரண்டாம் வகையை அப்படி எளிதில் பட்டினி போட முடியாது.

சதாசிவன் திரும்பி வந்து, 1944 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை மண்வழி நோய்களின் ஆய்வுக்கூடமாக்கினார். அவரிடம் பயின்ற சி.வி. சுப்பிரமணியன் 1950களில் தென்னிந்திய மண்ணிலுள்ள பியூசேரியங்களைப் பற்றித் தொடராக எழுதினார். 1962-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் அவர் முன்வைத்த வகைப்பாடு, வித்தின் நிறத்தையும் வடிவத்தையும் விட, அது தாய் இழையில் எப்படி உருவாகிறது என்பதையே அடிப்படையாகக் கொண்டது. அரும்பி வருகிறதா, உள்ளிருந்து தள்ளப்பட்டு வருகிறதா, இழையே துண்டாகிறதா? உலகப் பூஞ்சையியலாளர்கள் அப்போது விவாதித்துக்கொண்டிருந்த கேள்வி அது. அதற்கு ஒரு முழுமையான பதிலைக் கொடுத்தவரைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் நன்றாக நினைவில் வைத்திருக்கலாம்.

பியூசேரியத்தில் எத்தனை இனம் என்பதில் அறிஞர்கள் அடித்துக்கொண்டார்கள். 1935-ல் வோலன்வெபரும் ரைன்கிங்கும் 65 இனங்கள், 55 வகைகள், 22 வடிவங்கள் என்றார்கள். இது தாங்காது என்று அமெரிக்காவின் ஸ்னைடரும் ஹேன்சனும் 1940களில் எல்லாவற்றையும் ஒன்பதே இனத்துக்குள் அடைத்தார்கள். மரபணு வரிசையைப் படிக்கத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை இன்று 300-ஐத் தாண்டிவிட்டது. பட்டியலைச் சுருக்கியவர்களின் வசதி நமக்கு வினையாயிற்று. பியூசேரியம் மோனிலிஃபார்மி என்ற ஒரே பெயரின் கீழ் நெல், மக்காச்சோளம், சோளம் மூன்றின் நோய்க்கிருமிகளையும் போட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்தில் இருப்பது பியூமோனிசின் என்ற நஞ்சைத் தாராளமாகச் சுரப்பது. நெல்லில் இருப்பது பியூசேரியம் புஜிகுரோய். அது ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து, நாற்றை வெளிறிய நெட்டைக் குச்சியாக இழுத்துவிட்டுக் கொல்கிறது. 1926-ல் தைவானில் குரோசாவா, பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி ஊற்றினாலே நாற்று நீள்வதைக் கண்டார். திராட்சைக்கு இன்று தெளிக்கும் ஜிப்பரெலின் அங்கிருந்து வந்ததுதான். சென்னை மாகாணத்தில் இந்நோயை 1931-ல் கே.எம். தாமஸ் பதிவு செய்தார். மோனிலிஃபார்மி என்ற பெயரை இனிப் பயன்படுத்தவே வேண்டாம் என்று பூஞ்சையியலாளர்கள் அறிவித்தது 2003-ல். நம் பழைய கையேடுகள் பலவற்றில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பெயர்க்குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வைக்கோல் தாளைக் கீறிப் பார்த்தால் உள்ளே கரும்பொடி தூவியதுபோல் நுண்ணிய முடிச்சுகள் சில சமயம் தெரியும். அது நெல்லின் தண்டழுகல் பூஞ்சை. 1876-ல் இத்தாலியின் கத்தானியோ முடிச்சைப் பார்த்து ஸ்கிளிரோஷியம் ஒரைசே என்றார். பாலினப் பருவத்தைப் பார்த்து 1879-ல் லெப்டோஸ்பேரியா சால்வினி என்றார். 1972-ல் அது மேக்னபோர்த்தி சால்வினி ஆனது. வித்துப் பருவத்துக்கு நக்காட்டியா என்று வேறு பெயர். ஒரே உயிருக்கு இத்தனை பெயர். 2011-ல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு, ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்தான் என்று விதித்த பிறகு, அது நக்காட்டியா ஒரைசே என்று நிலைபெற்றது.

மேட்டு நிலத்துக்கு வருவோம். மல்லாட்டை எடுத்த நிலத்தில் கேழ்வரகு போடுவது நல்ல சுழற்சி என்று சொல்வோம். நிலத்தில் ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி இருந்தால் அந்தக் கணக்கு பலிக்காது. மல்லாட்டையின் தண்டை அழுகவைக்கும் அது, கேழ்வரகின் தூரையும் அழுகவைக்கும். இதன் முடிச்சையும் ரைசோக்டோனியாவின் முடிச்சையும் கையில் வைத்துக் கைவில்லையில் பார்த்தாலே வித்தியாசம் புரியும். ரால்ஃப்சியின் முடிச்சு கடுகளவு, உருண்டை, வழவழப்பு. நறுக்கினால் வெளியே கருத்த தோல், உள்ளே வெளுத்த பகுதி என்று தெளிவாகப் பிரிந்திருக்கும். ரைசோக்டோனியாவின் முடிச்சு ஒழுங்கில்லாமல் சொரசொரப்பாக, உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும். ஆய்வகம் இல்லாமலே வயலில் செய்யக்கூடிய இனங்காணல் இது.

கம்பின் கதை இன்னும் கடுமையானது. 1971-ல் எச்பி-3 என்ற ஒட்டுக் கம்பை அடிச்சாம்பல் நோய் நாடு முழுக்கச் சாய்த்தது. கதிர் முழுவதும் இலையாக மாறி நிற்கும் அந்நோய்க்குக் காரணமான ஸ்கிளிரோஸ்போரா கிராமினிக்கோலாவைப் பூஞ்சையியலாளர் பட்லர் 1907-லேயே இந்தியாவில் விரிவாக விவரித்திருந்தார். அதன் தடித்த வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதுவும், நாற்றங்காலில் முளையை அழுகவைக்கும் பித்தியமும் பார்வைக்குப் பூஞ்சைதான். உண்மையில் அவை பூஞ்சைக் குடும்பமே இல்லை. செல்சுவரில் கைட்டினுக்குப் பதில் செல்லுலோஸ். உறவு கடலில் வாழும் பழுப்புப் பாசிகளோடு. ஆகவே பூஞ்சாண மருந்து என்று பொதுவாக விற்கும் கார்பென்டாசிம் இவற்றைத் தொடாது. மெட்டலாக்சில் வேண்டும். அந்த மெட்டலாக்சில் ரைசோக்டோனியாவையும் பியூசேரியத்தையும் தொடாது. ஒரே நாற்றங்காலில் ஒரே மாதிரி சாயும் நாற்றுக்கு எதிரெதிர் மருந்து. இதைப் பார்த்த பிறகும் வகைப்பாடு என்பது புத்தகப் படிப்பு என்று சொல்ல மனம் வருமா?

இன்று டிஎன்ஏவைப் படித்தே பெயரைச் சொல்லிவிடலாம். ஐடிஎஸ் என்ற சுமார் 600 எழுத்துப் பகுதியை 2012-ல் பூஞ்சைகளின் பொது அடையாளமாக ஏற்றார்கள். பியூசேரியத்துக்கு மட்டும் அது போதாது. வேறொரு மரபணுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் தானிய விவசாயிகள் விதைப்புக்கு முன்பே மண்ணை அனுப்பி, அதில் எட்டாம் குழு ரைசோக்டோனியா எவ்வளவு இருக்கிறது என்று டிஎன்ஏ சோதனை மூலம் தெரிந்துகொள்கிறார்கள். பிரிடிக்டா பி என்ற அந்தச் சேவை 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது. 2015 முதல் நமக்கு வழங்கப்படும் மண்வள அட்டையில் 12 அளவீடுகள் உண்டு. தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம், கார அமில நிலை எல்லாம் இருக்கிறது. மண்ணில் எந்த நோய்ப் பூஞ்சை இருக்கிறது என்பதற்கு ஒரு கட்டம் கூட இல்லை. பதின்மூன்றாவது கட்டமாக அதைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் இந்தப் பக்கத்தில் விரிஞ்சிபுரத்திலும், சிறுதானியத்துக்கென்றே அத்தியந்தலிலும் இருக்கின்றன. ஆள் இருக்கிறது, அறிவும் இருக்கிறது.

அதுவரை, நோய் கண்டவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மாதிரியை ஒழுங்காக எடுத்துக் கொண்டுபோவது. முழுதாகச் செத்த பயிரைப் பிடுங்கக் கூடாது. பாதி நோய், பாதி பச்சையாக நிற்கும் தூரை வேரோடும் ஒரு பிடி மண்ணோடும் தோண்டி எடுக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே அழுகி, உண்மையான குற்றவாளி மறைந்துவிடும். செய்தித்தாளில் சுற்றுவதே நல்லது. நோய் வயலின் மூலையில் தொடங்கியதா, பரவலாகவா, போன இரண்டு பட்டத்தில் என்ன பயிர் என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே வைக்க வேண்டும். எந்த மருந்தை எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். சில நாள் முன்பு கார்பென்டாசிம் தெளித்த தூரில், பூஞ்சை உள்ளே உயிரோடு இருந்தும் ஆய்வகத் தட்டில் வளராமல் போகலாம்.